முந்தித் தீரும் சிரிஞ்சு

"கண்ணாடியக்கா, இருக்கீங்களா? சுண்டெலியோட வெள்ளை மருந்து இன்னிக்கும் முந்தியே தீந்துபோச்சு."

சுவரில் பதித்த பேசும் பெட்டியிலிருந்து குரல் வந்தது. குழந்தைகள் தீவிர சிகிச்சை வார்டின் ரேடியோ சிஸ்டர். வாய் ஓயாதவள் என்பதால் அந்தப் பெயர். கண்ணாடியக்கா கையிலிருந்த குப்பியை மேசையில் வைத்துவிட்டு, முழங்கையால் பொத்தானை அழுத்தினாள். கையுறை போட்ட விரல் சுவரைத் தொடக் கூடாது.

"எவ்வளவு முந்தி?"

"ஒரு மணி நேரத்துக்கு மேலயே இருக்கும். வெயில்கூட இறங்கல, அதுக்குள்ள பம்பு கீ கீன்னு கத்துது. நேத்தும் இப்படித்தான். நீங்க அளவைக் கொறச்சு ஊத்துறீங்களோன்னு இங்க ஒரு பேச்சு. நான் சொல்லல, பேச்சு."

"அந்தப் பேச்சு எந்த வாயிலேருந்து கிளம்பிச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

"ஐயையோ, அக்கா! என் வாய் நாள் முழுக்க உங்க பெருமையைத்தான் பாடுது. சரி, அடுத்த சிரிஞ்சை அனுப்பிவிடுங்க, மாட்டிடறேன்."

பெட்டி மௌனமானது. அந்த அறையில் மிச்சமிருந்தது காற்றின் இரைச்சல் மட்டும்.

கண்ணாடியக்கா மருந்தாளுநர். அவள் வேலை செய்வது சுத்த அறை எனப்படும் சிறு அறையில். கூரையிலிருந்து வடிகட்டிய காற்று இடைவிடாமல் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். தூசியும் கிருமியும் மேசையில் உட்கார முடியாமல் அது அடித்துக்கொண்டு போய்விடும். சுவரில் இரட்டைக் கதவுள்ள ஒரு பெட்டகம் உண்டு. உள்பக்கக் கதவு திறந்திருக்கும்போது வெளிப்பக்கக் கதவு திறக்காது. அவள் மருந்தை உள்ளே வைத்துச் சாத்துவாள்; வெளியே ஒரு கை திறந்து எடுத்துக்கொள்ளும். அந்தக் கை யாருடையது என்றுகூட பல நாள் அவளுக்குத் தெரியாது. தொப்பி, முகமூடி, நீண்ட அங்கி எல்லாம் போக வெளியுலகத்துக்குத் தெரிவது அவளுடைய கண்கள் மட்டும்தான், அதுவும் கண்ணாடிக்குப் பின்னால். பெயர் வந்தது அப்படித்தான்.

சுண்டெலி என்பது எட்டாம் தொட்டிலில் இருக்கும் ஆண் குழந்தை. பிறந்ததும் குடலில் பாதியை வெட்டி எடுக்க வேண்டியதாகிவிட்டது. மிச்சமிருக்கும் குடலைச் சேர்த்துத் தைக்க இன்னோர் அறுவை வேண்டும். அதற்கு அவன் கொஞ்சம் எடை போட்டாக வேண்டும். வாய்வழியே எதையும் கொடுக்க முடியாது. ஆகையால் அவனுக்குச் சாப்பாடு இரத்தக் குழாய் வழியாகவே போகிறது. சர்க்கரையும் புரதமும் உப்பும் தெளிந்த நீராக ஒரு பையில். கொழுப்பு தனியாக, ஒரு சிரிஞ்சில்.

எண்ணெய் தண்ணீரில் கரையாது; அப்படியே இரத்தத்தில் விட்டால் உயிர்போகும். அதனால் எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு துளிகளாக உடைத்து, ஒவ்வொரு துளிக்கும் முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து எடுத்த ஒரு மெல்லிய சட்டையைப் போட்டுத் தண்ணீரில் மிதக்க விடுகிறார்கள். பார்ப்பதற்குப் பால் மாதிரியே இருக்கும். உடம்பு அந்தத் துளிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கரைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு வேகம் உண்டு. கரைக்கும் வேகத்தைவிடக் கொடுக்கும் வேகம் கூடினால், கொழுப்பு இரத்தத்திலேயே தங்கிவிடும். அதனால்தான் பம்பு வைத்து, சொட்டுக்கும் குறைவாக, பகல் முழுக்க ஒரு சிரிஞ்சு, இரவு முழுக்க ஒரு சிரிஞ்சு என்று செலுத்துகிறார்கள்.

அந்தப் பகல் சிரிஞ்சுதான் மாலையில் நர்சுகள் முறை மாறும்வரை வராமல் முந்தித் தீர்ந்துகொண்டிருந்தது. இரவுச் சிரிஞ்சும் அப்படித்தான்.

கண்ணாடியக்கா ஏற்கெனவே யோசித்துப் பார்த்துவிட்டாள். முதல் நாள் புகார் வந்தபோதே தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். வெற்று சிரிஞ்சைத் தராசில் வைத்தாள், நிரப்பியபின் மறுபடி வைத்தாள். எடை சரி. பிறகு ரேடியோ சிஸ்டரைப் பம்பில் என்ன வேகம் போட்டிருக்கிறது என்று படிக்கச் சொன்னாள். டாக்டர் எழுதிய அதே வேகம். பம்பு மெக்கானிக் வந்து பம்பைக் கழற்றிக்கொண்டு போய்ச் சோதித்துவிட்டு, "தங்கம் மேடம், தங்கம்! இதைவிடச் சரியா எந்தப் பம்பும் ஓடாது" என்று திருப்பி வைத்தார். குழாயில் ஒழுகல் இல்லை. படுக்கை ஈரமில்லை.

நிரப்பியது சரி. வேகம் சரி. பம்பு சரி. மூன்றும் சரியென்றால் சிரிஞ்சு மாலைவரை வந்தாக வேண்டும். வரவில்லை.

அன்று வேலை முடியும் நேரத்தில் டாக்டர் தொலைபேசியில் அழைத்தார். வார்டுக்குப் பொறுப்பானவர், நிதானமான மனிதர்.

"மேடம், எட்டாம் தொட்டில் பையன் இரத்தம் கலங்கி வருது. சோதனைக் குழாயைச் சுழற்றி வெச்சா மேல தெளிஞ்ச மஞ்சள் தண்ணி நிக்கணும். இவனோடது அரிசி கழுவின தண்ணி மாதிரி இருக்கு. கொழுப்பு தங்குது. கல்லீரல் தாங்கலையோ என்னவோ."

"நிறுத்தப் போறீங்களா, டாக்டர்?"

"இப்பவே பாதியாக் குறைச்சுட்டேன். நாளைக்குக் காலையில மறுபடி இரத்தம் எடுப்போம். மதியம் முடிவு வரும். அப்பவும் கலங்கியிருந்தா கொழுப்பை நிறுத்தித்தான் ஆகணும். வேற வழியில்ல."

"நிறுத்தினா எடை..."

"ஏறாது. தெரியும். அறுவையும் தள்ளிப்போகும். எவ்வளவு நாள் தாங்குவான்னும் தெரியாது." பிறகு சொன்னார்: "உங்க கையில தப்பு இருக்காதுன்னு நான் நம்பறேன். ஆனா சிரிஞ்சு முந்தித் தீருதுங்கறாங்களே, அது எனக்கு உறுத்துது."

அவளுக்கும் அதுதான் உறுத்தியது.

வீட்டுக்கு வந்தால் பூட்டு திறக்கும் சத்தம்தான் வரவேற்பு. பகலெல்லாம் முகமூடிக்குள் இருந்த முகத்தைக் கழுவினாள். கன்னத்தில் முகமூடியின் தடம் கோடாக இருந்தது. அதைப் பார்த்துச் சொல்லவும் ஆளில்லை. கணவர் வேறொரு ஊரில் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார். அதைப் பற்றி அவள் பேசுவதை விட்டு வெகுகாலமாகிவிட்டது. தம்பி மட்டும் அவ்வப்போது கூப்பிடுவான். அன்றும் கூப்பிட்டான்.

"என்னக்கா, பின்னாடி ஏதோ சத்தம் கேக்குது? யாராவது வந்திருக்காங்களா?"

"ஃப்ரிட்ஜுடா."

"என்னவாம் அதுக்கு?"

"உள்ள ஒண்ணுமில்லைன்னு புலம்புது."

தம்பி சிரித்தான். பிறகு அவன் வீட்டில் யாரோ கூப்பிட, "அப்புறம் பேசறேன்க்கா" என்று வைத்துவிட்டான். அவள் ஒரு தட்டை எடுத்து வைத்துச் சாப்பிட்டாள். சாப்பிடும்போதே ஓர் எண்ணம் முள்ளாகக் குத்தியது. மூன்றையும் சரி என்று சொன்னது மூன்று வேறு வேறு ஆட்கள், மூன்று வேறு வேறு இடத்தில். மருந்தும் பம்பும் ஒன்றாக இருக்கும்போது யாருமே பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. தானும் பார்க்கவில்லை. அந்தக் குழந்தையையே அவள் பார்த்ததில்லை.

மறுநாள் காலை வேலையைச் சக மருந்தாளுநரிடம் விட்டுவிட்டு, சாதாரண உடையில் வார்டுக்குப் போனாள். வாசலில் ரேடியோ சிஸ்டர் கையை நீட்டி மறித்தாள்.

"பார்வையாளர் நேரம் இன்னும் ஆகலம்மா. அங்க நாற்காலியில உக்காருங்க."

"உக்கார வரல. எங்க அந்தக் கத்துற பம்பு?"

சிஸ்டரின் கண்கள் விரிந்தன. "கண்ணாடியக்காவா! குரலைக் கேட்டுத்தான் தெரியுது. உங்களுக்கு இப்படி ஒரு மூக்கு இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாதே!"

"இருக்கு. ஒண்ணுதான்."

"உள்ள போங்க. இரத்தம் எடுத்து அனுப்பியாச்சு. அவன் தூங்கறான். கொட்டாவி விட்டா சிரிக்காதீங்க, அவ்வளவு பெரிசா விடுவான்."

எட்டாம் தொட்டில் பக்கத்தில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் துணி சுற்றிய சிறு புட்டி. கண்ணாடியக்காவை அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க டாக்டரா?"

"இல்லம்மா. உங்க பையனுக்குச் சாப்பாடு கட்டித் தர்றவ நான். கீழ, மருந்து கலக்குற ரூம்ல."

அந்தப் பெண் சட்டென்று எழுந்து நின்றாள். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். "நீங்கதானா அது? யாரோ ஒரு மெஷின் செய்யுதுன்னு நினைச்சேன்க்கா."

"எனக்கே சில நாள் அப்படித்தான் தோணுது. கையில என்ன?"

"பால். அவனுக்குக் குடுக்க முடியாதுன்னு தெரியும். என்னிக்காவது குடுக்கலாம்னு சொல்றாங்க, அதான் எடுத்து ஃப்ரீசர்ல வெக்கக் குடுக்கறேன். அவங்கப்பாவுக்கு வேலை தூரத்துல. லீவு கிடைக்கல. இங்க எனக்குப் பேச்சுத்துணை இந்தப் பம்புதான்." குரலை இறக்கினாள். "அது கத்தினா நாலு பேர் ஓடி வர்றாங்கக்கா. நான் அழுதா ஒருத்தரும் திரும்பறதில்ல."

கண்ணாடியக்கா அந்தப் பெண்ணின் தோளில் கையை வைத்தாள். கையுறை இல்லாத கை. தான் ஒருவரைத் தொட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அந்த நொடியில் அவளுக்குத் தோன்றியது.

"இன்னிக்கு மதியம் நிறுத்திடுவாங்களாமே? அப்புறம் எதை வெச்சு வளருவான்?"

"அதுக்குத்தான் வந்திருக்கேன். கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கோங்க, இதைப் பார்க்கணும்."

பம்பு ஒரு செங்கல் அளவுதான் இருந்தது. சிரிஞ்சு அதன்மேல் படுத்திருந்தது. பம்பின் ஒரு கை சிரிஞ்சின் உடம்பை அழுத்திப் பிடித்திருக்க, இன்னொரு கை சிரிஞ்சின் தண்டைப் பின்னாலிருந்து, பார்த்தால் தெரியாத வேகத்தில் தள்ளிக்கொண்டிருந்தது. சிரிஞ்சு பழுப்பு நிறம். அது அவள் போராடி வாங்கியது. வெயிலில் வைத்த எண்ணெய் காறல் வாடை அடிப்பதுபோல, வெளிச்சம் பட்டால் இந்தக் கொழுப்பும் கெட்டுப்போகும். கெட்ட கொழுப்பு குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலுக்கு ஆகாது. அதனால் உள்ளே தெரியும் வெள்ளைச் சிரிஞ்சு வேண்டாம், பழுப்பு வாங்குங்கள் என்று எத்தனையோ முறை கேட்டு, அண்மையில்தான் வந்து சேர்ந்தது. அப்போது அந்த வார்டில் கொழுப்பு ஏறிக்கொண்டிருந்தது சுண்டெலிக்கு மட்டும்தான்.

அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு விஷயம் மெல்லப் புரிந்தது. இந்தப் பம்புக்கு மருந்து என்றால் என்னவென்றே தெரியாது. எவ்வளவு மருந்து போனது என்று அது அளப்பதில்லை. அதற்குத் தெரிந்தது தள்ளுவது மட்டும். இவ்வளவு தூரம் தள்ளினால் இவ்வளவு மருந்து போயிருக்கும் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கு சிரிஞ்சின் உள் அகலத்தைப் பொறுத்தது. இரண்டு கிணறுகளில் நீர் ஒரே சாண் இறங்கினாலும், அகலக் கிணற்றில் இறைத்த தண்ணீர் அதிகம் அல்லவா? அதுபோலத்தான்.

சரி, உள் அகலம் பம்புக்கு எப்படித் தெரியும்? திரையின் அடியில், வேகத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு கம்பெனியின் பெயர் இருந்தது. வெள்ளைச் சிரிஞ்சு செய்யும் கம்பெனி.

பழுப்புச் சிரிஞ்சைச் செய்தது அந்தக் கம்பெனி அல்ல.

அவள் நிமிர்ந்து உடனே மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்த உபரி பம்பையும் கீழிருந்து தன் தராசையும் வார்டின் பக்க அறைக்குக் கொண்டுவரச் சொன்னாள். மெக்கானிக் பம்பைச் சுமந்துகொண்டு, முகத்தையும் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார்.

"நான்தான் சோதிச்சுட்டேனே மேடம். பம்பு பொய் சொல்லாது. மனுஷன்தான் சொல்லுவான்."

"எதுல சோதிச்சீங்க?"

"சிரிஞ்சுலதான். பின்ன, சோத்துக் கரண்டியிலயா?"

"எந்தச் சிரிஞ்சு?"

"வெள்ளை. உங்க பழுப்புல உள்ள கோடு எங்க நிக்குதுன்னு என் கண்ணுக்கே தெரியல. அளவு பாக்கணும்னா உள்ள தெரியணுமில்ல?" சொல்லி முடிக்கும்போதே அவர் குரல் மெதுவாகிவிட்டது.

இருவரும் வேலையில் இறங்கினார்கள். வெள்ளைச் சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி, பம்பு தள்ளும் தண்ணீரைத் தராசில் வைத்த சிறு கிண்ணத்தில் விழவிட்டார்கள். எடை கணக்குப்படியே வந்தது. பிறகு பழுப்புச் சிரிஞ்சு. அதே வேகம், அதே நேரம். கிண்ணம் கணக்கைவிடக் கனத்திருந்தது, பத்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேலாக. மறுபடி செய்தார்கள், மறுபடி அப்படியேதான். கடைசியாகக் கண்ணாடியக்கா வெள்ளைச் சிரிஞ்சின் தண்டை உருவி, பழுப்புக் குழலுக்குள் விட்டுப் பார்த்தாள். அது எங்கும் பிடிக்காமல் லொடலொடவென்று ஆடியது.

"அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டுவிட்ட மாதிரி" என்றார் மெக்கானிக். பிறகு தலையைச் சொறிந்தார். "வெளிப்பக்க அகலம் ரெண்டுக்கும் ஒண்ணாவே இருக்கு மேடம், உள்ளதான் வித்தியாசம். பம்பு வெளிய பிடிச்சுப் பார்த்து, இது பழைய ஆள்தான்னு நினைச்சுக்குது. பேரு மாத்தணும்னு யாருக்கும் தோணல. தோணியிருந்தாலும் இந்தக் கம்பெனி பேரு பம்புக்குள்ள இருக்கற பட்டியல்லயே இல்ல."

"பம்பு பொய் சொல்லலண்ணே. நாமதான் அதுக்குப் பொய் சொல்லிக் குடுத்திருக்கோம்."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ரேடியோ சிஸ்டர் நேராகப் போய்ச் சுண்டெலியின் பம்பை நிறுத்திவிட்டு டாக்டரை அழைத்தாள்.

டாக்டர் வந்தார், இரண்டு சிரிஞ்சையும் கையில் வாங்கிப் பார்த்தார், தண்டை விட்டு ஆட்டிப் பார்த்தார். "அப்போ நான் எழுதினதைவிட அதிகமாவே போயிருக்கு. அது தீந்ததும் அடுத்ததை உடனே மாட்டியிருக்கோம். ஏற்கெனவே அவன் தாங்கற விளிம்புல நின்னான். அதுக்கு மேல இது." ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசியில் பேசினார். காலையில் எடுத்த இரத்தம் இன்னும் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருந்தது. ஆனால் நேற்றைவிடத் தேவலை.

"கல்லீரலும் ஒரு காரணமா இருக்கலாம், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நிறுத்தறதா வேண்டாமான்னு முடிவு பண்றதுக்கு முந்தி, நிஜமா எவ்வளவு குடுக்கறோம்னு நமக்குத் தெரியணும்" என்றார். "இப்போதைக்கு ஓய்வு குடுப்போம். சாயங்காலம் தெளிஞ்சா, பாதி அளவுல, சரியான சிரிஞ்சுல ஆரம்பிக்கலாம். பெத்தவங்ககிட்ட நடந்ததை நானே சொல்றேன்."

அவர் சொல்லும்போது கண்ணாடியக்கா சற்றுத் தள்ளி நின்றாள். அந்தப் பெண் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தாள், கோபப்படவும் செய்தாள். "இத்தனை பேர் இருந்தும் ஒருத்தரும் பாக்கலையா?" என்று கேட்டாள். பிறகு அவள் புட்டியைச் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு, தொட்டிலுக்குள் விரலை நீட்டினாள். சுண்டெலி அதைப் பிடித்துக்கொண்டு, சொன்னபடியே, முகமெல்லாம் வாயாகக் கொட்டாவி விட்டான்.

மாலையில் இரத்தம் தெளிந்திருந்தது.

அன்றிலிருந்து அந்த வார்டில் செய்வது இதுதான். கொழுப்பு மருந்தை, பம்பின் பட்டியலில் பெயருள்ள கம்பெனியின் வெள்ளைச் சிரிஞ்சில் மட்டுமே நிரப்புகிறார்கள். கீழிருந்து மேலே போகும்வரை அதைப் பழுப்புப் பைக்குள் வைக்கிறார்கள். தொட்டில் பக்கத்தில் பையிலிருந்து எடுத்துப் பம்பில் பொருத்தியதும், ஒருவர் சிரிஞ்சில் அச்சிட்ட பெயரையும் அளவையும் உரக்கப் படிக்கிறார்; இன்னொருவர் திரையில் உள்ளதைப் படிக்கிறார்; இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் பொத்தானை அழுத்துகிறார்கள். அதன்பிறகு சிரிஞ்சின்மேல் வெளிச்சம் படாமல் பழுப்பு உறையைப் போர்த்துகிறார்கள். சிரிஞ்சிலிருந்து குழந்தைக்குப் போகும் குழாய் மட்டும் பழுப்பாகவே இருக்கிறது. குழாயின் நிறமோ அகலமோ அளவை மாற்றாது. புதிதாக எந்தச் சிரிஞ்சு வந்தாலும், அது குழந்தைகளிடம் போகுமுன், மெக்கானிக்கும் கண்ணாடியக்காவும் அதே சிரிஞ்சை அதே பம்பில் வைத்துத் தண்ணீரைத் தள்ளவிட்டு, தராசில் நிறுத்துப் பார்க்கிறார்கள்.